இனான்னாவும் நெசவுப் பெண்களும்

தந்தைக் கடவுளை விட்டு விலகிப் பெண் தெய்வத்தைத் தேடிய மேற்கத்தியப் பெண்களுக்கு, சுமேரியரின் இனான்னா வரமாகக் கிடைத்தாள். 1983இல் கதைசொல்லி டயேன் வோல்க்ஸ்டீனும் சுமேரிய அறிஞர் சாமுவேல் நோவா கிரேமரும் வெளியிட்ட நூல் அவள் கதைகளைப் பரவலாக்கியது. ஏழு வாயில்களில் அணிகலன்களையும் ஆடையையும் இழந்து, பாதாளத்தில் மாண்டு, மீண்டு வரும் அவளது பயணத்தை நவீன பேகன் குழுக்கள் சடங்காகவே நடத்துகின்றன.

தெய்வம் பெண்ணாக இருந்ததால் சுமேரில் பெண்கள் உயர்ந்துவிட்டார்களா? கி.மு. 21ஆம் நூற்றாண்டில், உர் நகர மன்னர்களின் ஆட்சியில், கோயில்களுக்காகவும் அரசுக்காகவும் ஆயிரக்கணக்கான பெண்கள் கம்பளித் துணி நெய்தார்கள். ஆண் வேலையாளுக்கு மாதம் சுமார் 60 லிட்டர் பார்லி அளந்தார்கள். நெய்யும் பெண்ணுக்குப் பெரும்பாலும் அதில் பாதிதான்.

கதையிலும் இனான்னா சும்மா மீளவில்லை. அவளுக்கு ஈடாகக் கணவன் துமுசி பாதாளம் போகிறான். அவனுக்காக ஆண்டில் பாதியை அங்கே கழிக்க அவன் சகோதரி கெஷ்டினன்னா முன்வருகிறாள். அவளுக்காகச் சடங்கு நடத்துவோர் குறைவு.

இனான்னாவை நாம் கைவிட வேண்டியதில்லை. அவள் கதையை எழுதிய அதே ஆப்பெழுத்தில்தான் நெசவுப் பெண்களின் பார்லிக் கணக்கும் களிமண் பலகைகளில் பதிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிப்போம்.