லேவா ஆட்டமும் நம் பறையும்

அமீரகத்தில் தேசிய தின விழாக்களிலும் கல்யாணங்களிலும் வட்டமாகச் சுற்றி ஆடும் லேவாவைப் பார்த்திருப்பீர்கள். முரசு முழங்கும், நம் நாகசுரத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு சுர்னாய் ஊதுவார்கள். வளைகுடாவில் தம்பூரா என்று இன்னொரு கலையும் உண்டு. நம் கச்சேரித் தம்பூரா இல்லை. ஆறு நரம்புகள் கட்டிய யாழ் வகை. கூடவே ஒருவர் ஆட்டுக் குளம்புகள் கோத்த பட்டையை இடுப்பில் கட்டிக் குலுக்குவார். அதன் பெயர் மஞ்சூர்.

லேவா கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும், தம்பூரா சூடான் பக்கமிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தவை. அவர்கள் முத்துக் குளித்தார்கள், பேரீச்சந் தோட்டங்களில் உழைத்தார்கள். அடிமைமுறை பஹ்ரைனில் 1937இல், கத்தாரில் 1952இல், ஓமானில் 1970இல்தான் சட்டப்படி ஒழிந்தது. லேவா பாட்டில் சுவாஹிலிச் சொற்கள் இன்றும் ஒலிக்கின்றன.

மேடை ஏற்றிவிட்டால் மட்டும் ஒரு கலை காப்பாற்றப்பட்டுவிடாது என்றே நினைக்கிறேன். அதை ஆடியவர்கள் யார், என்ன பாடு பட்டார்கள் என்பதும் கூடவே வர வேண்டும். தோஹாவில் ஓர் அடிமை வியாபாரியின் வீடே 2015இல் பின் ஜெல்மூத் இல்லம் என்ற அருங்காட்சியகமானது. அடிமை வரலாற்றை அங்கே மறைக்காமல் சொல்கிறார்கள்.

நாமும் பொங்கல் விழாவில் பறை அடித்து ஆடுகிறோம். ஊரில் சாதியின் பேரால் சாவு வீட்டில் அதை அடிக்க வைக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசுகிறோமா? அடுத்த முறை பறையை எடுக்கும்போது, அடிக்கும் முன் அதையும் மைக்கில் சொல்லுங்கள்.