நெல்லளந்த வித்தியாஸ்தானமும் யூரோ அளக்கும் சர்வகலாசாலையும்

சங்கராபரணியாற்று நீரை ஊசுட்டேரிக்குக் கொண்டு சேர்க்கும் வாய்க்காலுக்குத் தன் பெயரையே வழங்கியிருக்கும் சுத்துக்கேணி என்னும் சிற்றூரில், மகனையோ மகளையோ மேற்படிப்புக்கு அனுப்பும் பருவத்திலுள்ள ஒரு வீட்டுத் திண்ணையில் மாலைப்பொழுதில் சிறிது நேரம் அமர்ந்திருப்பவர், கரும்பு விலையும் பாங்கிக் கடனும் பேசப்படும் அதே மூச்சில் ஜெர்மனியும் பிரான்சும் பேசப்படுவதைக் கேட்கலாம். "அங்க ஃபீஸே கிடையாதாம்பா" என்று பிள்ளை சொல்ல, "கிடையாதுன்னா, அப்ப யாரு கட்டுறாங்க?" என்று தகப்பனார் கேட்கிறார். அந்த வினா பொருளாதார நூல்களில் இடம்பெறத் தக்கது. கல்விக்கு ஆகும் செலவு எந்தத் தேசத்திலும் எந்தக் காலத்திலும் இல்லாமற் போனதில்லை. அதைத் தாங்கும் தோள்தான் மாறி வந்திருக்கிறது. எந்த மாணவனைத் தன் பிள்ளையாகக் கொள்வது என்று அந்தத் தோளுக்குச் சொல்லும் பதிவேடும் உடன் மாறி வந்திருக்கிறது. புதுவை நாட்டுப்புறத்து மாணவனுக்கு ஐரோப்பியக் கல்வி எட்டியதும் எட்டாமற் போனதும் கட்டணத்தின் ஏற்றத்தாழ்வால் மட்டுமன்று, பெரும்பாலும் அந்தப் பதிவேட்டாலேயே என்பதைக் காலவரிசையில் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த மண்ணுக்கு இலவச உயர்கல்வி ஐரோப்பாவிலிருந்து வந்த புதுமை அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று கிராமங்களின் வருவாயைப் பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்தாருக்கு வித்தியாபோகமாக அளித்த செய்தியைக் கூறுகின்றன. அதாவது மூன்று ஊர் உழவர்கள் களத்தில் அளந்த நெல்லே கற்பவனுடைய சோறாகவும் கற்பிப்பவருடைய ஜீவனமாகவும் ஆயிற்று. சுத்துக்கேணிக்கு இன்னும் அணித்தான திருபுவனையில், முதலாம் இராஜாதிராஜ சோழன் காலத்து 1048-ஆம் ஆண்டுச் சாசனம், 260 மாணாக்கரையும் 12 ஆசிரியரையும் கொண்ட ஒரு கலாசாலையைக் காட்டுவதோடு, அவர்களை ஊர்ச் சபையின் வாரியப் பொறுப்புகளிலிருந்து விலக்கியும் வைக்கிறது. படிக்கிறவனுக்குச் சோறு போட்டால் மட்டும் போதாது, அவனுடைய நேரத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று கருதிய அந்தச் சபையாரின் விவேகத்தை நான் பலமுறை வியந்திருக்கிறேன். ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது: அவ்வித்தியாஸ்தானங்களில் வேத சாஸ்திரங்களைக் கற்றவர்கள் பிராமணர்களே, நெல்லை அளந்த உழவனுடைய மகன் அந்தப் பதிவேட்டில் இல்லை. செலவைத் தாங்குபவனும் பயனை நுகர்பவனும் வெவ்வேறு ஆட்களாக இருந்த இந்நிலை, பிற்காலத்தில் வேறு உருவங்களில் திரும்பத் திரும்ப வருவதைக் காண்போம். பாகூர்ச் செப்பேடுகள் தாமும் பிற்காலத்தில் பாரிஸ் தேசிய நூலகத்தைச் சென்றடைந்தன.

1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியை நிலைப்படுத்திய பின்னர்ப் பிரான்சுக்குக் கப்பலேறிய தமிழர்களுள் நாம் பெயரறிந்த முற்காலத்தவர் ஒருவர், கல்வி தேடிச் சென்றவரல்லர். சிறையில் மாண்ட தரகர் நயினியப்ப பிள்ளையின் குமாரர் குருவப்ப பிள்ளை, தந்தைக்கு இழைக்கப்பட்ட அநீதியை முறையிடவே பாரிஸ் சென்று, அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பினார். கல்விக்கான வாயில் இங்கேயே, நூறாண்டுக்குப் பின் திறந்தது. 1826-இல் ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் தோன்றிய கல்லூரி, இன்று லிசே பிரான்சே என்று வழங்குவது, பிரான்சின் பாடமுறையை அப்படியே கடற்கரைக்குக் கொண்டுவந்தது. எனினும் வெள்ளையருக்கு ஒரு பள்ளி, உள்நாட்டவருக்கு வேறு பள்ளி, அவ்வுள்நாட்டவருள்ளும் சாதிக்கொரு பள்ளி என்று பிரித்துக் கட்டிய காலம் அது. 1870-களில் கலவை சுப்பராய செட்டியார் தம் பொருளைக் கொண்டு நிறுவிய கலவைக் கல்லூரி உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பெரியதொரு ஆதரவாயிற்று. ஆனால் இவை யாவும் பட்டணத்தில் இருந்தன. வில்லியனூரையும் பாகூரையும் சார்ந்த கிராமத்துச் சிறுவன் அவற்றை அடைய வேண்டுமாயின், மாட்டுவண்டிப் பயணமும், பட்டணத்தில் தங்க ஓர் உறவினர் வீடும், வயலில் அவன் உழைப்பை இழக்கத் துணியும் தகப்பனும் வேண்டியிருந்தனர். பள்ளிக்கட்டணத்தைவிட இம்மூன்றுமே பெருஞ்செலவு.

பட்டணத்துக் கல்லூரிகளைப் பற்றி எழுதியோர் பலர். கிராமத்துப் பதிவேட்டைப் பற்றி எழுதியோர் சிலரே. 1880 மார்ச் 12-ஆம் நாள் ஆணை கொம்யூன்கள் எனப்பட்ட உள்ளாட்சி வட்டங்களைத் தோற்றுவித்தது. அதே காலத்தை ஒட்டி 'மேரி' எனப்பட்ட கொம்யூன் அலுவலகத்தில் இந்தியருடைய பிறப்பும் விவாகமும் மரணமும் பிரெஞ்சு மொழியில் பதியப்படலாயின. மறு ஆண்டு, 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை, தம் ஜாதி சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்போருக்கு வழி வகுத்தது. 'ரெனோன்சான்' எனப்பட்ட இவர்கள் புதிய குடும்பப் பெயர்களைச் சூடினர்; பலர் இந்தோசீனாவில், குறிப்பாகச் சைகோனில், அரசாங்க உத்தியோகம் பெற்றனர். துறந்தவர்களுள் தாழ்த்தப்பட்டவராகவும் கிறிஸ்தவராகவும் இருந்தோர் மிகுதி. பழைய பதிவேட்டில் தமக்கு எழுதப்பட்டிருந்த இடம் எத்தகையது என்பதை அறிந்தவர்களுக்குப் புதியதொன்றை நாடுவதில் தயக்கம் இருந்திருக்க நியாயமில்லை. அடுத்தடுத்த தலைமுறையில் சைகோன் சம்பளம் பிள்ளைகளின் கல்வியாக மாறியது. பள்ளிக்கூடத்தைவிட மேரி அலுவலகத்துப் பேரேடே நாட்டுப்புறத்தானை ஐரோப்பாவின் அருகே கொண்டுபோயிற்று என்று நான் கருதுவது இதனால்தான்.

இனி 1954-க்கு வருவோம். அக்டோபர் 18 அன்று, வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டபூர்வமாக நிறைவேறியது. விடுதலையின் பெருமையில் எனக்குக் கிஞ்சித்தும் ஐயமில்லை. ஆயினும் கல்வி வரலாற்றை எழுதுபவன் அவ்வொப்பந்தத்தின் பிரஜாவுரிமைப் பிரிவுகளைக் கடந்து போக இயலாது. புதுவை மண்ணில் பிறந்து, 1962-இல் அம்மண்ணிலேயே குடியிருந்தவர் தாமாகவே இந்தியப் பிரஜை ஆவார். பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்க விரும்பினால் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவ்வாறு அறிவித்தவர் ஏறக்குறைய 5000 பேரே. அக்காலத்தில் இந்தியாவுக்கு வெளியே, சைகோனிலோ பிரான்சிலோ, இருந்தவருக்கோ விதி தலைகீழ்: அவர் வாய் திறவாதிருந்தாலே பிரெஞ்சுப் பிரஜையாக நீடித்தார்.

ஆகவே ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் சைகோனில் உத்தியோகத்திலும் தம்பி சுத்துக்கேணியில் ஏர் பிடித்தும் இருந்திருப்பாராயின், இருவரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடாத நிலையில், அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆனார்கள். அண்ணன் வழிப் பேரன் 2025-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கச் சர்வகலாசாலையில் இளநிலைப் படிப்புக்குச் சேர்ந்தால் ஆண்டுக் கட்டணம் 178 யூரோ; தம்பி வழிப் பேரன் அதே வகுப்பில் அதே பெஞ்சில் அமர்ந்தால் 2895 யூரோ. தாத்தா 1962-இல் எந்த ஊரில் உறங்கினார் என்பதே இவ்விரு தொகைகளுக்கும் இடைப்பட்ட வேற்றுமையின் மூலகாரணம்.

இவ்வேற்றுமை எப்போது எழுந்தது என்பதை அறிய ஐரோப்பாவின் வரலாற்றையும் சிறிது நோக்க வேண்டும். மேற்கு ஜெர்மனி 1970-ஐ ஒட்டி மாணவரிடம் வாங்கிவந்த பாடக்கட்டணத்தை விலக்கியது. 2005-இல் அரசியற்சட்ட நீதிமன்றம் வழிவிட, சில மாநிலங்கள் மீண்டும் விதித்தன. மக்கள் எதிர்ப்பால் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டு, 2014-இல் கடைசி மாநிலமும் விலக்கிற்று. வடதேசங்களோ அந்நியருக்குக் கதவை ஒவ்வொன்றாக ஒருக்களித்தன: டென்மார்க் 2006, சுவீடன் 2011, பின்லாந்து 2017, நார்வே 2023. பிரான்சில் 2018 நவம்பரில் பிரதமர் எதுவார் பிலிப், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்குப் பன்மடங்குக் கட்டணத்தை அறிவித்தார். மாணவர் சங்கங்கள் வழக்குத் தொடுக்க, 2019 அக்டோபரில் அரசியற்சட்ட மன்றம், இலவசக் கல்வி என்னும் கொள்கை உயர்கல்விக்கும் பொருந்தும், ஆனால் மிதமான தொகை வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2020-இல் உச்ச நிர்வாக நீதிமன்றமான அரசு மன்றம் புதிய கட்டணத்தை நிலைநிறுத்திற்று. எனினும் முனைவர் பட்ட மாணவரை இவ்வேற்றுமை தொடவில்லை; பல சர்வகலாசாலைகள் தம் அதிகாரத்தைக் கொண்டு ஏனையோருக்கும் விலக்கு அளித்து வந்திருக்கின்றன. எந்தச் சர்வகலாசாலை விலக்குத் தருகிறது என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே விசாரித்து அறியும் மாணவன் இலட்சக்கணக்கில் மிச்சப்படுத்துகிறான், அறியாதவன் இழக்கிறான். கிராமத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்லுவார் அரியர்.

ஜெர்மனியின் பெயர் சுத்துக்கேணித் திண்ணையில் பிரான்சைவிட அதிகமாக அடிபடுவதற்குக் காரணம் இக்கட்டண வேற்றுமையே. பேடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் அந்நிய மாணவரிடம் பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் அதனினும் மிகுதியாக வாங்குகிறது என்பவை நீங்கலாக, அரசாங்கச் சர்வகலாசாலைகளில் பாடக்கட்டணம் பெரும்பாலும் இல்லை. ஆனால் விசாவுக்கு முன், முதலாண்டுச் சீவனத்துக்கென 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ வீதமே அதை எடுக்கலாம். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர் ஏபிஎஸ் என்னும் சான்றிதழ் சரிபார்ப்பையும் முடித்தாக வேண்டும். பத்து இலட்ச ரூபாய்க்கு மேற்பட்ட அத்தொகை செலவன்று, பிள்ளையின் பணமே என்பது உண்மை. ஆனால் அதை ஒரே நாளில் திரட்டிக் காட்டுவதற்கு நிலப்பத்திரம் பாங்கிக்குப் போக வேண்டியிருக்கிறது. இலவசம் என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்த தாயார், பத்திரத்தை எடுக்கச் சொன்னபோது மௌனமானதை நான் கண்டிருக்கிறேன். கட்டணமில்லாக் கல்வி உடையவனுக்கே முதலில் எட்டுகிறது. காணி நிலம்கூட இல்லாத விவசாயத் தொழிலாளியின் மகன் முடக்குக் கணக்கின் வாயிலிலேயே நின்றுவிடுகிறான்.

அவனுக்கென உள்ள வழிகளையும் கூற வேண்டும். பிரெஞ்சு அரசின் ஐஃபெல், ஷார்பாக் உபகாரச் சம்பளங்களும், ஜெர்மனியின் டாட் உதவியும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸும் திறமையை நோக்கியவை; கிராமத்துப் பள்ளியில் படித்த பிள்ளை அத்திறமையைத் தக்க ஆங்கிலத்தில் எழுதிக் காட்டக் கற்பது தனிப் பாடம். நம் மத்திய அரசாங்கத்தின் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளம் ஆண்டுக்கு 125 இடங்களை அளிக்கிறது. அவற்றுள் 115 தாழ்த்தப்பட்டோருக்கும், 6 சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினருக்கும் உரியவை. நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் குடும்பங்களுக்கு எஞ்சியவை 4. பாரத தேசம் முழுமைக்கும் நான்கு! பாகூருக்கு நெல்லளந்த மூன்று கிராமத்து உழவர்களின் வழித்தோன்றல்களும் அந்த நான்கிற்கே போட்டியிட வேண்டும். 2018 மார்ச்சில் இந்தியாவும் பிரான்சும் பட்டங்களை ஒன்றையொன்று அங்கீகரிக்க உடன்பட்டதும், 2030-க்குள் 30,000 இந்திய மாணவரை வரவேற்பதாகப் பிரான்சு 2024-இல் அறிவித்ததும் நல்ல செய்திகளே. அந்த முப்பதாயிரத்தில் ஒரு காலத்தில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த கொம்யூன்களின் கிராமங்களுக்கு ஒரு சிறு பங்கைக் கட்டண விலக்கோடு ஒதுக்குமாறு புதுவை அரசாங்கம் கேட்பது பிச்சையாகாது. 1956 ஒப்பந்தத்தின் 28-ஆம் பிரிவு பிரெஞ்சு மொழிக்கு இம்மண்ணில் ஓர் இடம் வைத்தது, அதற்கு எதிர்முறையாக இம்மண்ணின் பிள்ளைகளுக்கு அம்மொழியின் கலாசாலைகளில் ஓர் இடம் கேட்பது நியாயமே.

ஐரோப்பிய ஆய்வுலகிற்குச் சுத்துக்கேணி அறிமுகமானது அதன் பெருங்கற்காலப் புதைகுழிகளாலும் அவற்றில் கிடைத்த பொன்னணிகளாலும். தொல்லியலாளர்களான காசால் தம்பதியர் புதுவையைச் சூழ்ந்த ஈமக்காடுகளைப் பற்றி எழுதிய நூல் 1956-இல், ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டில், பாரிசில் வெளிவந்தது. மேலே நான் குறிப்பிட்ட அந்த வீட்டில், பாங்கிக்குக் கொண்டுபோகப் பத்திரத்தைத் தேடித் தகரப்பெட்டியைக் கவிழ்த்தபோது, மடிப்பில் கிழிந்த ஒரு தாள் விழுந்தது: தாத்தாவின் பிறப்புப் பதிவு நகல், சாய்ந்த கையெழுத்தில், முழுவதும் பிரெஞ்சில். மாலை வகுப்பில் ஆறு மாதம் பிரெஞ்சு கற்றிருந்த பேத்தி அதை விளக்கின் கீழ் பிடித்து, ஊர்ப் பெயரில் தடுக்கி, பின் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். "சுத்துக்கேணி" என்று அவள் முடித்ததும், பாட்டி அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, பத்திரத்தோடு சேர்க்காமல், தனியே ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்தாள்.