மூச்சு நிற்பதற்குள்

பல வருஷங்களுக்கு முன்பு நான் எழுதிய ஒரு சிறுகதையில், கதாநாயகனின் நண்பன் ஒருவன் அபினியை அளவுக்கு மீறித் தின்றுவிடுகிறான். தோழர்கள் இருவர் ஆளுக்கொரு பக்கமாக அவனைத் தாங்கிக்கொண்டு விடிய விடியக் கூடத்தில் நடத்துகிறார்கள். கன்னத்தில் அறைகிறார்கள், முகத்தில் தண்ணீரை வாரி அடிக்கிறார்கள், கடுங்காப்பியைப் புகட்டுகிறார்கள். கிழக்கு வெளுக்கும்போது அவன் கண்ணைத் திறந்து, "அம்மா" என்கிறான். கதை நன்றாக இருப்பதாகப் பலர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு மாதம் கழித்து, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கதையை ரசித்ததாகவே எழுதியிருந்தார். ஆனால் கடைசியில் ஒரு சங்கதி. இதே மாதிரி இரவு முழுவதும் அறைந்தும் நடக்க வைத்தும் பார்த்துவிட்டு, விடியற்காலையில் ஒரு வாலிபனை அவரிடம் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். தூக்கி வந்த சிநேகிதர்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. என் கதையைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று டாக்டர் சொல்லவில்லை. அவர்கள் அதைப் படித்திருக்கவும் மாட்டார்கள். இப்படிப்பட்ட நம்பிக்கையை நாமும் அச்சில் ஏற்றி ஊர்ஜிதப்படுத்த வேண்டுமா என்று மட்டும் கேட்டிருந்தார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கதையில் ஒருவனைப் பிழைக்க வைக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன்னால் நான் யாரையும் விசாரிக்கவில்லை. நான் வைத்தியம் படித்தவன் அல்ல. கல்லூரிப் படிப்பே இரண்டு வருஷத்தோடு நின்றுபோனவன். இருந்தாலும், இந்த 'நடக்க வைக்கும்' வைத்தியம் எங்கிருந்து வந்தது, சரியான வைத்தியம் எது, அதை யார் எப்போது கண்டார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். செய்த தப்புக்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம் தெரிந்தது. அந்தக் காட்சி என் கற்பனையே அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டாக்டர்களே அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். அந்த நாளில் அங்கே அபினியைச் சாராயத்தில் கரைத்த 'லாடனம்' என்ற மருந்து பலசரக்குக் கடையிலேயே கிடைத்தது. வயிற்றுவலிக்கும் இருமலுக்கும் அதுதான். அழுகிற குழந்தையைத் தூங்க வைக்க அபினி கலந்த கஷாயங்களும் இருந்தன. 1868-இல் சட்டம் வந்த பிறகுதான் விற்பனை மருந்துக் கடைக்காரர்களோடு நின்றது. கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால், தெரிந்தும் தெரியாமலும் அளவு மீறிக் குடித்தவர்கள் ஏராளம். அப்படிப்பட்டவரைக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவுவார்கள், கடுகுத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார்கள், ஈரத் துண்டால் அடிப்பார்கள், இரண்டு பேர் நடுவில் நிறுத்தி மணிக்கணக்காக நடத்துவார்கள், காப்பி புகட்டுவார்கள்.

இதில் ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது. அபினி தூக்கத்தைத் தருகிறது; தூங்கியவன் சாகிறான்; ஆகவே தூங்க விடாவிட்டால் சாகமாட்டான். கேட்பதற்குச் சரியாகத்தானே இருக்கிறது? ஆனால் ஆளைக் கொல்வது தூக்கம் அல்ல. நாம் தூங்கும்போதும் மூச்சு விடும்படி மூளையின் அடிப்பகுதி ஓயாமல் கட்டளை இட்டுக்கொண்டிருக்கிறது. அபினியும் அதன் வம்சத்தில் வந்த மார்பியா, ஹெராயின் முதலியவையும் அந்தக் கட்டளையை மந்தமாக்கிவிடுகின்றன. நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை வந்த மூச்சு பத்தாகிறது, ஆறாகிறது, நான்காகிறது. உடம்பு தவிப்பதில்லை, திணறுவதில்லை. மூச்சு விட மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

அபினியிலிருந்து மார்பியாவைப் பிரித்தவர் ஸெர்ட்யூர்னர் என்ற ஜெர்மானியர். 1805 வாக்கில் அவர் ஒரு மருந்துக் கடையில் உதவியாள். சர்வகலாசாலைப் படிப்பு இல்லாத வாலிபர். 1817-இல் அவர் வெளியிட்ட ஒரு பரிசோதனை மயிர்க்கூச்செறிய வைக்கிறது. தாமும் மூன்று இளைஞர்களுமாக, அரை கிரெயின் வீதம் மூன்று முறை அந்த உப்பைச் சாப்பிட்டார்கள். தலை சுற்றி, மயக்கம் கவிந்தபோதுதான் அவருக்கு விபரீதம் புரிந்தது. காரமான காடியைக் குடித்தும் குடிக்கச் செய்தும் எல்லோரையும் வாந்தி எடுக்க வைத்தார். நால்வரும் பிழைத்தார்கள். மார்பியாவின் சரித்திரமும், அது அளவு மீறினால் என்ன செய்வது என்ற திண்டாட்டமும் ஒரே வீட்டில் பிறந்தவை என்று சொல்லலாம்.

அதன் பிறகு மாற்று மருந்து தேடியவர்கள் பலர். 1894-இல் நியூயார்க்கில் வில்லியம் மூர் என்ற டாக்டர், சக டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மார்பியாவை விழுங்கி, உடனே பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் விழுங்கிக் காட்டினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. துணிச்சலான மனிதர்தான். ஆனால் அந்த ஊதா உப்பு வயிற்றில் கிடக்கும் மார்பியாவைத்தான் எட்டும். ரத்தத்தில் கலந்ததை என்ன செய்யும்? அதற்கு நாற்பது வருஷங்களுக்கு முன்பே, 1853-இல், எடின்பரோவில் அலெக்ஸாண்டர் வுட் தோலுக்கடியில் மருந்து ஏற்றும் ஊசியைக் கொண்டுவந்திருந்தார். ஊசியில் ஏறிய விஷத்துக்கு வயிற்றைக் கழுவி என்ன பயன்? 1898-இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனி ஹெராயினை இருமல் மருந்தாகவே விற்க ஆரம்பித்தது. விஷம் ரயில் வேகத்தில் போக, வைத்தியம் கட்டை வண்டியில் பின்தொடர்ந்தது.

திருப்பம் ஏற்பட்டது அபினி விஷயத்தில் அல்ல. தூக்க மாத்திரை விஷயத்தில். பார்பிட்யூரேட் என்ற வகை மாத்திரைகள் இருபதாம் நூற்றாண்டின் முதற் பாதியில் ஐரோப்பா எங்கும் பரவின. அவற்றை அதிகமாக விழுங்கியவர்களுக்கு, எதிர் மருந்து என்ற பெயரில் உடம்பை உலுக்கிவிடும் வீரியமான மருந்துகளை ஊசியில் ஏற்றினார்கள். சிலர் விழித்தார்கள், பலர் வலிப்புக் கண்டு இறந்தார்கள். 1949-இல் கோபன்ஹேகனில், பிஸ்பெபியர் ஆஸ்பத்திரியில், இத்தகைய நோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவு ஒன்று திறந்தார்கள். கார்ல் கிளெமெஸன் என்ற மனநோய் டாக்டரும் எரிக் நில்ஸன் என்ற மயக்க மருந்து நிபுணரும் ஒரு விசித்திரமான முடிவுக்கு வந்தார்கள். உலுக்கும் மருந்து வேண்டாம், எழுப்பவே வேண்டாம், ஆள் தூங்கட்டும். தொண்டையில் அடைப்பு இல்லாமல் பார்த்துக்கொள்வோம். மூச்சு குறைந்தால் நாம் மூச்சுக் கொடுப்போம். ரத்த ஓட்டத்தைக் காப்போம். விஷம் தானே இறங்கட்டும். நூற்றுக்கு இருபது என்ற கணக்கில் இருந்த சாவு, ஒன்று இரண்டு என்று இறங்கிவிட்டது. செய்ததைக் குறைத்ததனால் உயிர்கள் அதிகம் பிழைத்தன.

இதைப் படித்தபோது என் கதையின் அந்த இரண்டு தோழர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் செய்யாத பாடு இல்லை. அவனுடைய மூச்சை எண்ணிப் பார்ப்பது ஒன்றைத்தான் செய்யவில்லை.

மூச்சுக் கொடுப்பதற்கு யந்திரம் வேண்டுமே என்று கேட்கலாம். வேண்டாம் என்று காட்டியவர்கள் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஈலம், பீட்டர் ஸஃபர் என்ற இரண்டு டாக்டர்கள். நாம் வெளியே விடும் காற்றிலும் இன்னொருவரைக் காப்பாற்றும் அளவுக்குப் பிராணவாயு இருக்கிறது என்று ஈலம் நிரூபித்தார். ஸஃபர் வியன்னாவில் பிறந்தவர். 1957 வாக்கில் பால்டிமோரில், தாமாக முன்வந்தவர்களுக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்து, அவர்களுக்குச் சாதாரண மனிதர்களைக் கொண்டே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வைத்தார். தலையைப் பின்னுக்குச் சாய்த்து மோவாயைத் தூக்கினால் போதும், நாக்கு விழுந்து அடைத்த தொண்டை திறந்துகொள்கிறது என்பதும் அப்போது தெளிவாயிற்று.

இந்த ஸஃபரின் வாழ்க்கையில் ஒரு துயரம் உண்டு. 1966-இல் அவருடைய சின்னஞ்சிறு மகள் ஆஸ்துமாவினால் இறந்துபோனாள். உலகத்துக்கு மூச்சுக் கொடுக்கக் கற்பித்தவரின் குழந்தை மூச்சு முட்டி இறந்தது. அவர் அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு வெளியே நடக்கும் சிகிச்சையில் முழு மனத்தையும் செலுத்தினார். பிட்ஸ்பர்க் நகரத்தில் கறுப்பு இன மக்கள் வசித்த 'ஹில்' பகுதியில், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் போலீஸ் வண்டிதான் வரும். போலீஸ்காரர்கள் முன்னால் உட்கார, நோயாளி பின்னால் தனியே கிடப்பான். 1967-இல் அந்தப் பகுதியின் வேலையில்லாத இளைஞர்களையே திரட்டிப் பயிற்சி கொடுத்து, 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவை ஆரம்பமாயிற்று. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஹெராயினில் மயங்கிக் கிடந்தவர்களுக்கும் அவர்கள் தெருவிலேயே மூச்சுக் கொடுத்தார்கள். 1975-இல் நகர சபை தன் சொந்த சேவையை வைத்துக்கொண்டு அதை மூடிவிட்டது. ஆனால் உலகம் இன்று ஆம்புலன்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் அவர்கள் போட்ட பாதைதான்.

இனி மாற்று மருந்துக்கு வருகிறேன். 1915-இல் யூலியுஸ் போல் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர், அபினியின் ஒரு சரக்கைச் சிறிது மாற்றி அமைத்தால் அது மார்பியாவுக்கே எதிரியாகிவிடுகிறது என்று கண்டார். கிட்டத்தட்ட முப்பது வருஷம் அதை யாரும் லட்சியம் செய்யவில்லை. 1950-களில் நாலோர்ஃபின் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்தது. அது நல்லதுதான்; ஆனால் தானே மூச்சைக் குறைக்கவும் செய்யும், பயங்கரமான பிரமைகளையும் உண்டாக்கும். 1961-இல் நியூயார்க்கில் லெவன்ஸ்டைன், ஜாக் ஃபிஷ்மன் என்ற இருவர் நாலாக்ஸோன் என்ற மருந்துக்கு உரிமைப் பட்டயம் கோரினார்கள். ஃபிஷ்மன் போலந்தில் பிறந்து, யுத்தத்துக்குத் தப்பி ஷாங்காயில் வளர்ந்த அகதி. 1971-இல் அமெரிக்க சர்க்கார் மருந்துக்கு அனுமதி கொடுத்தது.

அது எப்படி வேலை செய்கிறது? பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மூளையில் மார்பியா உட்காருவதற்கென்று சில இடங்கள் இருக்கின்றன. நாலாக்ஸோன் அங்கே உட்கார்ந்திருப்பவனை எழுப்பித் தள்ளிவிட்டுத் தன் துண்டைப் போட்டுவிடுகிறது. தான் ஒரு வம்பும் செய்வதில்லை. ஒன்றிரண்டு நிமிஷத்தில் மூச்சு திரும்புகிறது. அபினி வகை எதுவும் உடம்பில் இல்லாதவனுக்குப் போட்டால் ஒரு கெடுதலும் இல்லை. 1973-இல் ஸ்னைடர், கேண்டஸ் பெர்ட் என்ற விஞ்ஞானிகள் அந்த இடங்கள் நிஜமாகவே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு அவர்களுக்கு அடையாளம் காட்டியதும் இதே நாலாக்ஸோன்தான். ஒரு குறை உண்டு. அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் அது எழுந்து போய்விடும். ரத்தத்தில் காத்திருக்கும் விஷம் மறுபடியும் வந்து உட்கார்ந்துவிடலாம். ஆகவே கண்ணைத் திறந்துவிட்டான் என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. என் கதை முடிந்த இடத்தில்தான் ஆஸ்பத்திரியின் வேலை ஆரம்பமாகிறது.

2003-இல் ஃபிஷ்மனின் மனைவியின் மகன் ஹெராயின் அளவு மீறி இறந்துபோனான். மருந்தைக் கண்டவரின் குடும்பத்திலேயே மருந்து உதவவில்லை. இதில் விதியைக் குறை சொல்வதைவிட யோசிப்பது நல்லது. மூச்சு நின்றுகொண்டிருப்பவன் தானே ஊசி போட்டுக்கொள்ள முடியாது. மருந்து அலமாரியில் இருந்தால் போதாது. பக்கத்தில் இருப்பவன் கையில் இருக்க வேண்டும். 1996-லேயே சிகாகோவில் டான் பிக் என்பவரும் அவருடைய சகாக்களும் போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் அவர்களுடைய சிநேகிதர்களுக்கும் இந்த மருந்தை விநியோகிக்க ஆரம்பித்தார்கள். கெட்ட பழக்கத்துக்குத் தைரியம் கொடுப்பதாகும் என்று ஏச்சும் கேட்டார்கள். 2015-இல் மூக்கில் பீச்சும் மருந்தாக அது அனுமதி பெற்றது. 2023-இல் அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்றாயிற்று. அதற்குள் மார்பியாவைவிட நூறு மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் தெருவுக்கு வந்து, 2022-இல் மட்டும் அந்த நாட்டில் போதை மருந்துகள் அளவு மீறி லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள்.

நம் ஊரில் இந்த மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்க முடியாது. ஆனால் மற்றதெல்லாம் நம்மிடம் இருக்கிறது. அடையாளங்கள் மூன்று: எவ்வளவு எழுப்பினாலும் எழாத மயக்கம், குண்டூசி முனைபோல் சுருங்கிய கண்மணி, அபூர்வமாக வரும் மூச்சு. உதடும் நகமும் நீலம் பாரித்தோ சாம்பல் பூத்தோ இருக்கும். தொண்டையில் கொரகொரவென்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் குறட்டை என்று நினைத்து, "நன்றாகத் தூங்குகிறான், எழுப்பாதே" என்று கதவைச் சாத்திய வீடுகள் எத்தனையோ. அது குறட்டை அல்ல. உடனே 108-க்குச் சொல்ல வேண்டும். மூச்சு போதவில்லை என்றால் மல்லாத்தித் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடிக்கு ஒரு தடவை ஊத வேண்டும். மூச்சு தானாக வந்தால் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். காப்பி, உப்புத் தண்ணீர், மோர் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். போலீஸுக்குப் பயந்தும் அக்கம்பக்கத்தாருக்கு வெட்கப்பட்டும் ஒளிக்கும் பத்து நிமிஷத்தில்தான் உயிர் போகிறது.

என் கதைத் தொகுதி மறுபதிப்பு வந்தபோது அந்தக் காட்சியைத் திருத்தினேன். இப்போது ஒருவன் வண்டி கொண்டுவர ஓடுகிறான். மற்றவன் தரையில் மண்டியிட்டு, எண்ணி எண்ணி மூச்சு ஊதிக்கொண்டிருக்கிறான். பழைய காட்சியில் இருந்த வேகம் இதில் இல்லை என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். இருக்கலாம். புத்தகத்தின் ஒரு பிரதியை அந்த டாக்டருக்கு அனுப்பி வைத்தேன். பதில் ஒரே வரியில் வந்தது. ஊதிக்கொண்டிருப்பவனுக்குக் களைத்துப்போனால் மாற்றுவதற்கு இன்னும் ஒரு ஆளையும் கதையில் வைத்திருக்கலாம் என்று எழுதியிருந்தார். அடுத்த பதிப்பில் வைக்கிறேன்.