காட்டுப்பள்ளிக்கு வந்து சேர்ந்த மாத்திரை

விரல் நீளத்தில் ஓர் அட்டை. அதில் பத்து வெள்ளை மாத்திரைகள். பின்பக்கத் தாளில் தமிழ்நாடு அரசு வழங்கல் என்றும், விற்பனைக்கு அல்ல என்றும் அச்சாகியிருக்கும். மெட்ஃபார்மின், 500 மில்லிகிராம். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘சுகர் மாத்திரை’ என்றால் போதும். இது விலை மலிந்த மருந்துதான். ஆனால் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டு வாசலைத் தேடி வர இதற்கு ஏறத்தாழ நூறாண்டு ஆகியிருக்கிறது.

இதன் பூர்வீகம் ஒரு செடி. ஐரோப்பாவின் ஈர நிலங்களில் ஊதாப் பூ பூக்கும் கலேகா. அதில் உள்ள குவானிடின் வகைப் பொருள் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பது 1918-இல் தெரியவந்தது. ஆனால் அது நஞ்சாகவும் இருந்தது. 1922-இல் டப்ளின் நகரில் எமில் வெர்னர், ஜேம்ஸ் பெல் என்ற இரு வேதியியலாளர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினைத் தயாரித்தார்கள். அந்த ஆண்டில்தான் இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளியின் உயிரைக் காத்தது. உலகத்தின் கண் முழுவதும் அதன்மேல் போனதால் மெட்ஃபார்மினை மறந்தே போனார்கள்.

1957-இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதைத் தூசி தட்டி எடுத்து நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குளுக்கோஃபாஜ் என்று பெயரிட்டார். சர்க்கரை தின்னி என்று பொருள். உண்மையில் அது சர்க்கரையைத் தின்பதில்லை. கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரையை ரத்தத்தில் விடுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதன் உடன்பிறப்பான ஃபென்ஃபார்மின் உயிர்ப்பலி வாங்கி 1970-களில் சந்தையை விட்டு வெளியேறியதால், இதன்மேலும் சந்தேகம் படிந்தது. அமெரிக்கா 1994 டிசம்பரில்தான் மெட்ஃபார்மினை அனுமதித்தது.

அதே 1994-இல், ஜூலை மாதம், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை வணிகப் பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரிலேயே மொத்தமாக, வெளிப்படையான டெண்டர் விட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் யாரென்று ஆய்வகத்துக்குத் தெரியாதபடி குறியீட்டு எண் போட்டுச் சோதனைக்கு அனுப்பினார்கள். மருத்துவமனைகளுக்கு வங்கியில் இருப்பதுபோல் பாஸ்புக் கொடுத்தார்கள். அதில் உள்ள தொகைக்கு வேண்டிய மருந்தை மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே வழியில் கழகங்கள் அமைத்தன.

இப்படி மாத்திரை காட்டுப்பள்ளி இருக்கும் மீஞ்சூர் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை வந்துவிட்டது. அதற்கப்பால் போவதுதான் கடினமாக இருந்தது.

காட்டுப்பள்ளி ஒரு பக்கம் வங்கக்கடலும், மறுபக்கம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சூழ்ந்த மணல் திட்டு. அங்கிருக்கும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சென்னைக்கு நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடன் 2010-இல் தொடங்கப்பட்டது. துறைமுகத்திலிருந்து கன்டெய்னர்கள் போகின்றன. பக்கத்திலுள்ள அனல்மின் நிலையங்களிலிருந்து மின்சாரம் போகிறது. நகரத்துக்கு இத்தனையும் கொடுக்கும் மண்ணில் வாழ்பவர்கள் ஒரு அட்டை மாத்திரைக்காக ஒருநாள் பிழைப்பை விட வேண்டியிருந்தது.

பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழிமுகச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு நேரத்தைக் குறித்துக் கொடுப்பது ஆற்றின் ஏற்றவற்றம். ஆஸ்பத்திரி வரிசைக்காக அது காத்திருக்காது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் ஆண்டுகள் போனால் பாதம் மரத்துப்போகும். சேற்றில் நிற்பவர் காலைச் சிப்பி கிழித்தால் வலி தெரியாது. வலி தெரியாத புண் ஆறாது. ஆறாத புண் காலையே கொண்டுபோகும். காலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அதோடு எல்லாமே போயிற்று.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் ரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் மாத்திரைப் பையுமாக வீடுவீடாக ஏறி இறங்கினார்கள்.

“ஆயா, சாப்ட்டியா? மாத்திரை போட்டியா?”

“சாப்ட்டுத்தான் போடணும்னு நீதானம்மா சொன்ன.”

வாசலில் நடக்கும் இந்த இரண்டு வரிப் பேச்சும் மருத்துவம்தான். பையைத் தூக்கி வருபவள் பக்கத்துத் தெருப் பெண். வீட்டில் யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவார், யாருக்குக் காலில் புண் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

2024 செப்டம்பரில் நியூயார்க்கில், தொற்றா நோய்களுக்கான ஐ.நா. பணிக்குழுவின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. எளியவர்களுக்கு மருத்துவத்தை எட்டச் செய்த ஒருவரை வடசென்னை முன்பே தன் போக்கில் கௌரவித்திருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் இரண்டு ரூபாயில் வைத்தியம் தொடங்கி, கடைசிவரை ஐந்து ரூபாய்க்கு மேல் கேட்காத டாக்டர் எஸ்.ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் மறைந்தபோது, அந்தப் பகுதி மக்கள் தம் வீட்டுப் பெரியவரை இழந்ததுபோல் அழுதார்கள்.

மெட்ஃபார்மினைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அதை வாசலுக்குக் கொண்டுவந்த பெண்களுக்குச் சம்பளம் என்ற பெயரில்கூட எதுவும் இல்லை. கிடைப்பது மாதாந்திர ஊக்கத்தொகை. விருது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குச் செய்யும் உண்மையான மரியாதை, உழைப்புக்கேற்ற ஊதியமும் பணிப் பாதுகாப்பும்தான். அரசு அதைக் கொடுக்க வேண்டும். நாமும் செய்ய ஒன்று உண்டு: அடுத்த முறை அந்தப் பை உங்கள் வாசலில் வந்து நின்றால், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள்.