திருகாணியின் தலையெழுத்து

கந்தப்பளையின் மூடுபனியும் மழையும் தேயிலைக் கொழுந்துக்கு உயிர், இரும்புக்கோ பகை. அம்மலைச் சரிவுகளில் ஓடும் மோட்டார் சைக்கிளின் சிற்றுறுப்பாகிய திருகாணித் தலைக்கும் ஒரு வரலாறு உண்டு.

பழைய ஆங்கிலேய வண்டிகளில் ஒற்றைக் கீறல் தலையே பெரிதும் வழங்கியது. செய்வது எளிது, ஆயின் திருப்புளி பக்கவாட்டில் வழுக்கும். அக்குறை நீங்க, அமெரிக்கராகிய தாம்சன் சிலுவைக் குழியைக் கண்டார். அவர் உரிமையை வாங்கிய ஹென்றி பிலிப்ஸ் அதனைத் திருத்தி, 1936-இல் காப்புரிமை பெற்றார். திருப்புளி தானே நடுவில் அமைவதால் தொழிற்சாலைகள் அதனை விரும்பி ஏற்றன.

பின்னர் ஜப்பானிய வண்டிகள் பரவின. அவற்றின் சிலுவைத் தலை பிலிப்ஸைப் போலவே தோன்றும். குழியின் அமைப்பு வேறு. தலையிலுள்ள சிறு புள்ளி பெரும்பாலும் அதன் அடையாளம். பிலிப்ஸ் திருப்புளி அக்குழியில் அடிவரை இறங்காது. துருவேறிய ஆணியை அதனால் முறுக்கினால் குழி சிதையும்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. பல வண்டிகளில் முன் பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியை இத்தகைய ஆணிகளே காக்கின்றன. அவ்வெண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. காலந்தோறும் மாற்றாவிடின், நீண்ட இறக்கத்துச் சூட்டில் அந்நீர் கொதித்து ஆவியாகிப் பிரேக் கைவிடும். மூடி திறவாவிடின் எண்ணெயை மாற்றுவது எங்ஙனம்?

அறுகோணக் குழித் தலை மிகுந்த முறுக்கைத் தாங்கும். ஆனால் அக்குழியில் சேறும் நீரும் தங்கும். மழைநாட்டில் அதனைத் துடைத்துப் பேணுதல் வேண்டும். எத்தலையாயினும், அதற்குரிய திருப்புளியைத் தேர்ந்த பின்னரே கைவலிமைக்கு வேலை.