கவர்னரும் டர்போவும்: விலையில்லா மடிக்கணினியின் வேக வரலாறு

சுமை ஏறும்போது எண்ணெயைக் கூட்டியும் இறங்கும்போது குறைத்தும் டீசல் இன்ஜினின் சுழற்சியைச் சீராக வைத்திருக்கும் உறுப்பைக் கிணற்றுப் பாசனம் சார்ந்த ஊர்களின் மெக்கானிக்குகள் கவர்னர் என்றே அழைப்பர். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தில் பொருத்திய சுழல்குண்டுகளின் வழித்தோன்றல் அது. அதே சொல்லை லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலும் எடுத்துக்கொண்டது. செயலி எந்த நொடியில் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் நிரல்பகுதிக்கு அங்கே கவர்னர் என்று பெயர். 2004இல் வந்த 2.6.9ஆம் பதிப்பில் இணைந்த 'ஆன்டிமாண்ட்' அவற்றுள் புகழ்பெற்றது. வேலை கூடியதும் உச்ச வேகத்துக்குத் தாவி, ஓய்ந்ததும் இறங்கிவருவது அதன் இயல்பு.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அரசுப் பள்ளி மாணவர் வீடுகளுக்குள் லினக்ஸ் பரவலாக நுழைந்தது 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகத்தான். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இடம்பெற்றது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம் அது. பல வீடுகளில் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவே என்று கருத இடமுண்டு. ஆனால் விண்டோஸ் தளர்ந்துபோன பழைய கணினிக்கு உயிரூட்ட நினைத்தவர்கள் பின்னாளில் லினக்ஸையே நாடினர், அப்போதுதான் வேகம் பற்றிய கேள்வியும் எழுந்தது.

அந்தக் கேள்விக்குள் ஒரு பழைய குழப்பம் ஒளிந்திருந்தது. 1980களின் மேசைக்கணினிகளில் டர்போ என்றொரு பொத்தான் இருந்தது. பெயருக்கு மாறாக, 4.77 மெகாஹெர்ட்ஸுக்கென எழுதப்பட்ட பழைய விளையாட்டுகள் கட்டுக்கடங்காமல் ஓடாதபடி வேகத்தைக் குறைப்பதற்கே அது பயன்பட்டது. இன்டெல் 2008 நவம்பரில் கோர் ஐ7 செயலியோடு அறிமுகப்படுத்திய டர்போ பூஸ்ட்டும், ஏஎம்டி 2010இல் கொண்டுவந்த டர்போ கோரும் வேறு வகையைச் சேர்ந்தவை. செயலியின் உள்ளகங்களில் சில ஓய்ந்திருக்கும்போது மிஞ்சும் மின்சாரத்தையும் வெப்ப இடைவெளியையும் வேலை செய்யும் உள்ளகத்துக்குத் தற்காலிகமாக வழங்குவதே அவற்றின் உத்தி. செலவாகும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயர்வதால், கூடுதல் வேகம் எப்போதும் மிச்சத்திலிருந்து கிடைப்பதுதான். மிச்சம் இல்லாத இடத்தில் அது கிடைக்காது. 2010களின் முற்பகுதியில் மலிவுக் கணினிகளில் மலிந்திருந்த பென்டியம், கோர் ஐ3 மடிக்கணினிச் செயலிகளில் இன்டெல் அந்த வசதியையே வைக்கவில்லை. ஆகவே டர்போ வேலை செய்யவில்லை என்ற புகார்களில் ஒரு பங்கு, இல்லாத ஒன்றைத் தேடியதால் பிறந்தது.

வசதி இருந்த செயலிகளிலும் லினக்ஸ் அதைக் காட்டிய விதம் கவனமான பயனரைக் கூட ஏமாற்றியது. கணினியின் தொடக்க நிரலான பயாஸ் தரும் வேகப் பட்டியலைப் படித்து இயங்கும் ஏசிபிஐ இயக்கியில், 2400 மெகாஹெர்ட்ஸ் செயலியின் உச்சம் 2401 என்று தெரியும். அந்த ஒற்றை மெகாஹெர்ட்ஸ் ஓர் அடையாளக் குறி மட்டுமே, அதைத் தேர்ந்ததும் மெய்யான வேகம் 3000ஐத் தாண்டலாம். 2012இல் கெர்னல் 3.7 'பூஸ்ட்' என்ற கோப்பை வைத்தது. அதில் 1 என்றால் வசதி இயங்குகிறது என்று பொருள். அடுத்த ஆண்டு 3.9ஆம் பதிப்பில் இன்டெல் பி-ஸ்டேட் என்ற புதிய இயக்கி வந்தபோது, கோப்பின் பெயர் 'நோ டர்போ' என்றானது. அங்கே 1 என்றால் வசதி அணைக்கப்பட்டது என்று பொருள். பழைய இயக்கியில் 'பவர்சேவ்' கவர்னர் செயலியைக் கீழ்வேகத்திலேயே கட்டிவைக்கும். புதியதிலோ அதே பெயருடைய கவர்னர் சுமைக்கேற்ப உச்சம்வரை ஏற்றிவிடும். பெயர் ஒன்று, பொருள் இரண்டு என்ற இந்த ஏற்பாட்டைக் கெர்னல் எழுதியவர்களின் அலட்சியம் என்று சொல்வதில் தவறில்லை. உண்மையான வேகத்தை அறிய, செயலியின் உள் எண்ணிகளைப் படிக்கும் 'டர்போஸ்டாட்' போன்ற கருவியையே நம்ப வேண்டியிருந்தது.

நிரலுக்கு வெளியே மண்ணும் வெயிலும் தம் பங்கைச் செய்தன. அரியலூரின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் கிடப்பதால், 1979இல் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலையும் பிற ஆலைகளும் அங்கே அமைந்தன. சுரங்கச் சாலைகளில் லாரிகள் கிளப்பும் தூசி விசிறியின் துடுப்புகளில் படிந்தால், வெப்பம் வெளியேறும் வழி அடைபடும். கோடையில் காற்றே 40 டிகிரியை ஒட்டி நிற்கும்போது, செயலியின் வெப்பமும் அதற்கேற்ப உயர்ந்தே தொடங்குகிறது. சுமார் 100 டிகிரியில் உள்ள பாதுகாப்பு எல்லை நெருங்க நெருங்க, மிச்சம் சுருங்கி, டர்போ முதலில் விலகி, பிறகு அடிப்படை வேகமும் சரிகிறது. இதற்கு எந்தக் கட்டளையும் மருந்தாகாது. விசிறியைக் கழற்றித் தூசி தட்டி, காய்ந்த வெப்பக் களிம்பை மாற்றுவதே வழி.

மின்சாரம் இன்னொரு காரணம். 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு நிலவியபோது மடிக்கணினிகள் பெரும்பாலும் பேட்டரியிலேயே ஓடின. பேட்டரியில் ஓடும்போது டர்போவை மட்டுப்படுத்தும் பயாஸ் அமைப்புகள் பல. பேட்டரி செத்த பிறகு கடையில் வாங்கிய மாற்றுச் சார்ஜரை அடையாளம் காணாத சில மாதிரிகள், அதன் திறனை நம்பாமல், செயலியை 800 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ்வேகத்தில் பூட்டிவிடுவதும் உண்டு.

2016இல் கெர்னல் 4.7இல் வந்த 'ஷெட்யூட்டில்' கவர்னர், பணிகளை வரிசைப்படுத்தும் பகுதியிடமே சுமையைக் கேட்டறிந்து முடிவெடுக்கத் தொடங்கியது. இன்டெல் பி-ஸ்டேட்டுக்கு இணையான ஏஎம்டி இயக்கி 2022இல் 5.17ஆம் பதிப்பில்தான் வந்தது. அதுவும் ஜென் 2 தலைமுறைக்கும் அதன் பின்வந்த செயலிகளுக்கும் உரியது என்பதால், திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் ஏஎம்டி செயலி கொண்டவை இன்றும் பழைய ஏசிபிஐ இயக்கியிலும், 1 அல்லது 0 எழுதப்பட்ட அந்தச் சிறு 'பூஸ்ட்' கோப்பிலும்தான் ஓடுகின்றன.