ரொட்டி உறையின் பின்புறம்: நெல் நாட்டில் ஒரு கேள்வியின் வரலாறு

மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சிக்குத் தஞ்சைத் தரணியில் விளக்கவுரை தேவையில்லை. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதத்தைத் தாண்டிய நெல்லோடு காத்துக் கிடந்த எந்த உழவருக்கும் குவியலுக்குள் கைவிட்டுப் பார்ப்பதன் பொருள் தெரியும். அதே கேள்வியை ரொட்டிப் பொட்டலத்திடம் கேட்க நம் நாடு எப்படிக் கற்றுக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் செய்தி.

காவிரிப் படுகையில் உணவென்றால் சோறு. இட்லிக்கும் ஆப்பத்திற்கும் இடியாப்பத்திற்கும் நோன்புக் கஞ்சிக்கும் அரிசியே அடிப்படை. வயலில் விளைந்தது வீட்டில் அவிந்து, உரலிலோ ஆலையிலோ அரிசியானது. அதில் என்ன கலந்திருக்கிறது என்னும் ஐயத்திற்குக் கல்லையும் குறுநொய்யையும் தவிர வேறு காரணம் இருக்கவில்லை.

அடுப்பில் சுட்ட உப்பிய ரொட்டி, கடல்வழி வந்த ஐரோப்பியரின் உணவு. நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரர்களும், அவர்களிடமிருந்து 1781-இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனியர் இருந்தனர். இலங்கைத் தமிழர் இன்றும் ரொட்டியைப் 'பாண்' என்றே அழைக்கின்றனர். அது போர்த்துகீசியச் சொல். கோவாவில் போர்த்துகீசியர் மாவைப் புளிக்க வைக்கத் தென்னங்கள்ளைப் பயன்படுத்தினர். மாவோடு சேர்வது எது என்ற கேள்வி, ஒரு முஸ்லிமைப் பொறுத்தவரை, தொழிற்சாலை வருவதற்கு முன்பே பிறந்துவிட்டது என்பதற்கு இது சான்று.

ஆயினும் ரொட்டி இங்கே நெடுங்காலம் காய்ச்சல்காரரின் பத்தியமாகவே இருந்தது. நிலைமையை மாற்றியது பஞ்சம். 1960-களின் நடுவில் பருவமழை பொய்த்து அரிசி அரிதாயிற்று. 1967 தேர்தலில் படியரிசியே முழக்கமானது. அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தின்கீழ்க் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலமும் அதுவே. 1965-இல் நடுவண் அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஆலை ரொட்டிக்கு உயிர்ச்சத்துகளும் ஊட்டப்பட்டன. அந்நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தனியார் கைக்குச் சென்றது.

அடுமனையில் காலையில் சுட்ட ரொட்டி மாலைக்குள் விற்றுவிடும். ஆலை ரொட்டியோ பல நாள் மென்மையாகவும் பூஞ்சை பிடிக்காமலும் இருந்தாக வேண்டும். அதற்காகவே சேர்மானங்கள் வந்தன. பூஞ்சையைத் தடுக்கக் கால்சியம் புரோபியோனேட்; அதன் எண் 282. எண்ணெயையும் நீரையும் இணைத்து மென்மை காக்க 471, 481 போன்றவை. பிசைந்த மாவு இளகிக் கொடுக்க 920, அதாவது எல்-சிஸ்டீன்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பதை அறிய வேண்டும் என்ற உணர்வைப் பொதுமக்களிடம் கூர்மையாக்கியது 1983-ஆம் ஆண்டு. இறக்குமதியான மாட்டுக்கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்டது வெளியானதும் நாடே கொதித்தது. அக்கொழுப்பின் இறக்குமதிக்கும் தடை வந்தது. இந்துக்களின் வேதனைக்கு ஒரு காரணம் இருந்தது. யார் கையால், எவ்வாறு அறுக்கப்பட்டதென்று தெரியாத பிராணியின் கொழுப்பை உண்ண நேர்ந்த முஸ்லிம்களுக்கு வேறொரு காரணம் இருந்தது. ஏமாற்றம் இருவருக்கும் ஒன்றே: ஈரம் குவியலின் அடியில் மறைக்கப்பட்டிருந்தது.

உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-லேயே இருந்தது. சைவம், அசைவம் எனக் காட்டும் பச்சை, பழுப்பு அடையாளங்கள் 2001-இல்தான் கட்டாயமாயின. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும் 2011-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. எடையில் மிகுந்த பொருள் முதலில் வரும்படி உறையில் பட்டியல் இருக்க வேண்டும். சேர்மானங்கள் பெயராலோ எண்ணாலோ குறிக்கப்பட வேண்டும்.

வெளிப்படையாக எழுதினால் மட்டும் போதாது என்பதை 2016 கற்பித்தது. தில்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் அந்நகரில் 38 ரொட்டி, பன் வகைகளைச் சோதித்தபோது, 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ காணப்பட்டது. மாவை நன்கு உப்பச் செய்யும் புரோமேட், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என 1999-லேயே பன்னாட்டு ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள். அதுவரை இந்தியாவில் அது அனுமதிக்கப்பட்டே இருந்தது. அறிக்கை வெளிவந்த அடுத்த மாதமே தடை செய்யப்பட்டது. மார்க்கம் ஹலாலோடு தய்யிப் என்னும் தூய்மையையும் சேர்த்தே கேட்பதன் நுட்பம் இங்கே விளங்குகிறது. சட்டம் அனுமதித்தது எல்லாம் தய்யிப் ஆகிவிடாது.

இவ்வரலாற்றிலிருந்து நம் குடும்பங்கள் பெறும் பயன் என்ன? 471 தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். 920 இறகு, முடி ஆகியவற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது. நொதித்தல் முறையிலும் தயாராகிறது. எண் மட்டும் மூலத்தைச் சொல்லாது. இந்திய உறையில் பச்சை அடையாளம் இருந்தால், பால், தேன் போன்ற சிலவற்றைத் தவிர விலங்கிலிருந்து வந்த எதுவும் அதில் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் மணச்சாறுகளில் கரைப்பானாகச் சேரும் மதுவைப் பற்றி அந்த அடையாளம் எதுவும் சொல்வதில்லை. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர் கொண்டுவரும் பொட்டலங்களில் இந்த அடையாளமே இராது. அங்கே ஜாக்கிம், முயிஸ் அமைப்புகளின் ஹலால் முத்திரையைப் பார்க்க வேண்டும். ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக உருமாறினால் அதன் சட்டம் மாறுமா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரு மத்ஹபினரும் வாழும் நம் பகுதியில், ஐயம் எழும்போது ஊர் ஆலிமிடம் கேட்பதே முறை.

எண்களெல்லாம் பன்றிக்கொழுப்பே என்று பரவும் பட்டியல்களை நம்புவதும் தவறு. வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. உறையே இல்லாமல் அடுமனையில் வாங்கும் பன்னிலும் வர்க்கியிலும் எந்தக் கொழுப்பு, எந்த மாவு மேம்படுத்தி சேர்ந்தது என்று இன்முகத்தோடு கேட்கலாம். நேர்மையான வணிகருக்கு அது அவமதிப்பன்று. ஈரத்தை மேலே வைக்க அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு. நம் பிள்ளைகளின் தட்டு நம்மிடம் உள்ள அமானிதம். குவியலுக்குள் கைவிட்டுப் பார்ப்பது நமக்கு ஸுன்னத் காட்டிய வழி.